இருட்டில் மூடுபனி: செயற்கைக்கோள் உண்மையில் எதைப் பார்க்கிறது?

குளிர்கால இரவுகளில் வானிலைச் செய்தியோடு ஒரு செயற்கைக்கோள் படமும் வரும். சமவெளி முழுக்க வெளிர் பச்சையாகவோ, பழைய பாணிப் படமென்றால் வெள்ளையாகவோ ஒரு திட்டு பரவியிருக்கும். அதன்மேல் 'மூடுபனி' என்று குறித்திருப்பார்கள். அந்தத் திட்டுக்குள் அடங்கிய ஓர் ஊரில் ஒருவர் கதவைத் திறந்து பார்க்கிறார். தெருக்கோடி விளக்குவரை தெளிவாகத் தெரிகிறது, வானம் மட்டும் மூடிக்கிடக்கிறது. திட்டுக்கு வெளியே, படத்தில் தெளிவாகக் காட்டப்பட்ட இன்னோர் இடத்தில் வண்டி ஓட்டுபவருக்கு முன்னால் போகும் வண்டியின் பின்விளக்குகூடத் தெரியவில்லை. படம் தவறு என்றே இருவரும் நினைப்பார்கள்.

கருவி இரண்டு இடங்களிலும் சரியாகத்தான் அளந்திருக்கிறது. அது அளந்த பொருளுக்கும் நாம் மூடுபனி என்று அழைக்கும் பொருளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் இப்படிப்பட்ட படத்தை நம்ப வேண்டிய இடத்தில் நம்பலாம், சந்தேகிக்க வேண்டிய இடத்தில் சந்தேகிக்கலாம். அதற்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

மூடுபனி என்று எதைச் சொல்கிறோம்

தரையைத் தொட்டு நிற்கும் மேகமே மூடுபனி. செய்திகளில் பனிமூட்டம் என்று எழுதுவதும் இதைத்தான். காற்றில் மிதக்கும் நீர்த்துளிகளால் ஆனது. ஒரு துளியின் விட்டம் சில மைக்ரோமீட்டரிலிருந்து சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் துளிகளின் சிறுமை புரியும்.

வானிலைத் துறையின் வரையறை எளியது. நிலமட்டத்தில் பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் கீழே போய்விட்டால் அது மூடுபனி. அதற்கு மேல் இருந்தால் லேசான மூட்டம் என்ற கணக்கில் போய்விடும். இந்த வரையறையில் ஒரு சொல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நிலமட்டத்தில். தரையில் நிற்கும் மனிதர் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதே அளவுகோல். மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பதற்கு இந்த வரையறையில் இடமே இல்லை.

இரவில் அதிகம் உண்டாவது கதிர்வீச்சு மூடுபனி. வானம் தெளிவாக, காற்று மெல்ல வீசும் நீண்ட இரவில் தரை தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் துளிகளாகிவிடும். கங்கைச் சமவெளியிலும், இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியிலும், கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கிலும் குளிர்காலத்தில் பெரும்பரப்பை மூடுவது இந்த வகையே. ஈரக்காற்று குளிர்ந்த கடல்நீரின் மேல் நகரும்போது பிறக்கும் மூடுபனி வேறு. கலிபோர்னியாக் கடற்கரையில் கோடையில் காண்பது அது. பிறப்பு வேறானாலும் மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டும் தாழ்ந்த நீர்மேகம்தான்.

பகலில் எளிது, இரவில் ஏன் கடினம்

பகலில் சூரிய ஒளி மூடுபனியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதால் செயற்கைக்கோள் படத்தில் அது பளிச்சென்ற வெள்ளையாகத் தெரியும். இரவில் அந்த ஒளி இல்லை. எஞ்சியிருப்பது பொருள்கள் தாமாக உமிழும் வெப்பக் கதிர், அதாவது அகச்சிவப்பு.

இரவுநேர மேகப் படங்கள் பெரும்பாலும் 10.8 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பில் எடுக்கப்படுகின்றன. இதில் உயரமான மேகங்கள் எளிதில் சிக்கும். பத்து கிலோமீட்டர் உயரத்து மேகம் தரையைவிடப் பல பத்து டிகிரி குளிர்ந்திருக்கும். குளிர்ந்ததை வெள்ளையாகவும் வெதுவெதுப்பானதைக் கறுப்பாகவும் காட்டுவது வழக்கம் என்பதால் மேகம் வெள்ளையாக எழுந்து நிற்கும்.

மூடுபனி இந்த வலையில் அகப்படாது. அதன் மேற்புறம் தரையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அங்குள்ள வெப்பநிலைக்கும் பக்கத்திலுள்ள தெளிவான தரையின் வெப்பநிலைக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. போதாக்குறைக்கு, இத்தகைய இரவுகளில் உயரே போகப் போகக் காற்று குளிர்வதற்குப் பதிலாகச் சூடாகும். தரை அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடுவதால் வரும் இந்த நிலையை வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்பார்கள். அப்போது மூடுபனியின் மேற்புறம் பக்கத்துத் தரையைவிடச் சூடாக இருந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய மேகம் கறுப்பாகவே தெரியக்கூடும். ஒரே அலைநீளத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவர் அதைத் தெளிவான தரை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இரண்டு அலைநீளங்களின் கழித்தல் கணக்கு

இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை அழகானது. 3.9 மைக்ரோமீட்டரை ஒட்டிய இன்னொரு அகச்சிவப்பு அலைநீளத்திலும் அதே இடத்தை அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். அது ஏன் வேலை செய்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. செயற்கைக்கோள் வெப்பநிலையை நேராக அளப்பதில்லை. தனக்கு வந்து சேரும் கதிரின் அளவைத்தான் அளக்கிறது. 'கதிரை முழுமையாக உமிழும் ஒரு பொருள் இவ்வளவு கதிர் தர வேண்டுமானால் அதன் வெப்பநிலை என்னவாக இருக்க வேண்டும்?' என்று கணக்கிட்டு வரும் எண்ணுக்கு ஒளிர்வு வெப்பநிலை என்று பெயர்.

2. உலகில் எந்தப் பொருளும் முழுமையாக உமிழ்வதில்லை. முழு உமிழ்வில் எத்தனை பங்கு என்பதைச் சொல்லும் எண் உமிழ்திறன். 1 என்றால் முழுமை. உமிழ்திறன் குறைந்தால், பொருள் உண்மையில் குளிராமலே ஒளிர்வு வெப்பநிலை குறைந்து காட்டும்.

3. 10.8 மைக்ரோமீட்டரில் நீர் கதிரை வலுவாக உறிஞ்சும். நன்றாக உறிஞ்சும் பொருள் நன்றாக உமிழும் என்பது இயற்பியல் விதி. எனவே போதிய தடிமனுள்ள மூடுபனியின் உமிழ்திறன் இங்கே ஏறக்குறைய 1.

4. 3.9 மைக்ரோமீட்டரில் நீரின் உறிஞ்சும் திறன் மிகக் குறைவு. துளியின் அளவு இந்த அலைநீளத்தைப் போல ஒருசில மடங்குதான் என்பதால், துளிகள் கதிரை விழுங்குவதைவிட அதிகமாகச் சிதறடிக்கின்றன. உறிஞ்சல் குறைந்தால் உமிழ்வும் குறையும். மூடுபனியின் உமிழ்திறன் இங்கே 0.8 அல்லது 0.9 என்ற அளவுக்கு இறங்கிவிடும்.

5. செடிகொடி போர்த்திய நிலமும் நீர்ப்பரப்பும் இரண்டு அலைநீளங்களிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உமிழ்கின்றன.

6. ஆகவே 10.8இன் ஒளிர்வு வெப்பநிலையிலிருந்து 3.9இன் ஒளிர்வு வெப்பநிலையைக் கழித்தால், தெளிவான நிலத்தில் பூச்சியத்தை ஒட்டிய எண் வரும். நீர்த்துளி மேகத்தில் தெளிவான மிகை எண் வரும்.

எவ்வளவு மிகை? மேற்புறம் 7 டிகிரி செல்சியஸில் இருக்கும் மூடுபனியை எடுத்துக்கொள்வோம். 3.9இல் உமிழ்திறன் 0.9 என்றால் அங்கே ஒளிர்வு வெப்பநிலை சுமார் 2 டிகிரி குறைந்து காட்டும். 0.8 என்றால் சுமார் நாலரை டிகிரி. இரவெல்லாம் கண்ணுக்கு எட்டாமல் கிடந்த ஒன்றைக் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டு, நாலரை டிகிரிதான். வேறுபாடு சுமார் 2 டிகிரியைத் தாண்டினால் தாழ்ந்த நீர்மேகம் இருப்பதாகக் கொள்வது நெடுநாளாக இருக்கும் வழக்கம்.

துளி சிறுத்தால் வேறுபாடு கூடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தூசும் புகையும் நிறைந்த நிலப்பகுதிக் காற்றில் துளிகள் எண்ணிக்கையில் அதிகமாகவும் அளவில் சிறியதாகவும் இருக்கும். தூய கடற்காற்றில் துளிகள் பெரியவை. அதனால் ஒரே அளவு நீரைக் கொண்ட இரண்டு மூடுபனிகள் படத்தில் ஒரே மாதிரி தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை.

படம் பார்ப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: சில நிலையங்கள் 10.8இலிருந்து 3.9ஐக் கழிக்கின்றன, சில நிலையங்கள் 3.9இலிருந்து 10.8ஐக் கழிக்கின்றன. முதல் முறையில் மூடுபனி மிகை எண், இரண்டாவதில் குறை எண். படத்தோடு வரும் விளக்கத்தைப் பார்க்காமல் வண்ணத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

இந்த வழி எப்போது பிறந்தது

நீர்மேகம் இந்த இரு அலைநீளங்களில் வேறுபட்டு நடந்துகொள்ளும் என்ற கோட்பாட்டை 1973இல் ஜி. ஈ. ஹன்ட் கணக்கிட்டுக் காட்டினார். 1978இல் ஏவப்பட்ட டைரோஸ்-என் செயற்கைக்கோளின் கருவியில், 3.9ஐப் போலவே நடந்துகொள்ளும் 3.7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை அளக்கும் பிரிவும், அதாவது சேனலும், இருந்தது. அதைப் பயன்படுத்தி இரவு மூடுபனியைக் கண்டறியலாம் என்று 1984இல் பிரிட்டனின் ஏயர், பிரவுன்ஸ்கோம்ப், ஆலம் ஆகிய மூவரும் எழுதினார்கள். இன்றுள்ள முறைகள் எல்லாவற்றுக்கும் வேர் அந்தக் கழித்தல்தான்.

அந்தச் செயற்கைக்கோள்கள் துருவங்களைச் சுற்றி ஓடுபவை, ஓர் இடத்தை ஓர் இரவில் ஓரிரு முறைதான் கடக்கும். மூடுபனியோ ஒரு மணி நேரத்துக்குள் உருவாகிவிடும். ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்துக்கு மேல் நிலைத்து நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களிலும் 3.9 சேனல் வந்த பிறகே இந்த முறை அன்றாடப் பணிக்கு உதவத் தொடங்கியது. 1994இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் கோஸ்-8, 2002இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் இரண்டாம் தலைமுறை மீட்டியோசாட், 2013இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட்-3டி ஆகியவற்றில் இந்தச் சேனல் இடம்பெற்றது. ஜப்பானின் ஹிமவாரி-8, அமெரிக்காவின் கோஸ்-16 ஆகியவற்றோடு வந்த புதிய தலைமுறைச் செயற்கைக்கோள்கள் 2 கிலோமீட்டர் நுணுக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப் படம் தருகின்றன.

பக்கவாட்டுப் பார்வையும் செங்குத்துப் பார்வையும்

தொடக்கத்தில் சொன்ன இரண்டு பேருக்கும் வருவோம். முதலில் வண்டி ஓட்டுபவர். சுற்றிலும் எதுவும் தெரியாத அளவுக்கு மூடுபனி, ஆனால் படத்தில் அங்கே தெளிவு. எப்படி?

வண்டி ஓட்டுபவரின் பார்வை மூடுபனியைக் கிடையாக ஊடுருவுகிறது. செயற்கைக்கோளின் பார்வை செங்குத்தாக இறங்குகிறது. கதிர்வீச்சு மூடுபனி பக்கவாட்டில் பல கிலோமீட்டர் பரவியிருந்தாலும் உயரத்தில் சில பத்து மீட்டரோடு நின்றுவிடலாம். இதை எண்களில் போட்டுப் பார்க்கலாம்.

காற்றில் ஒளி ஒவ்வொரு மீட்டருக்கும் எவ்வளவு மங்குகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: 3ஐப் பார்வைத் தூரத்தால் வகுத்தால் ஏறத்தாழ அந்த வீதம் வரும். அதை மூடுபனியின் உயரத்தால் பெருக்கினால் கிடைப்பது ஒளியியல் தடிமன். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு மூடுபனி எவ்வளவு அடர்த்தியாகத் தோன்றும் என்பதை இந்த எண் சொல்லும். இது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கான கணக்கு. அகச்சிவப்பில் எண்கள் சற்று மாறினாலும் போக்கு மாறாது.

1. பார்வைத் தூரம் 1,000 மீட்டர், உயரம் 20 மீட்டர். தடிமன் 0.06. கீழிருந்து வரும் ஒளியில் 94 விழுக்காடு அப்படியே மேலே போய்விடும். செயற்கைக்கோளுக்கு அங்கே மூடுபனி என்று ஒன்று இல்லவே இல்லை.

2. பார்வைத் தூரம் 100 மீட்டர், உயரம் 20 மீட்டர். தடிமன் 0.6. சாலையில் இது உயிருக்கு ஆபத்தான நிலை. ஆனால் செங்குத்தாகப் பார்த்தால் பாதிக்கு மேல் ஊடுருவிவிடும். குறிப்பு மங்கலாகவே கிடைக்கும், மேலே சொன்ன 2 டிகிரி எல்லையைத் தாண்டாமலும் போகலாம்.

3. பார்வைத் தூரம் 100 மீட்டர், உயரம் 200 மீட்டர். தடிமன் 6. தரை முற்றாக மறைந்துவிடும், படத்தில் அழுத்தமான குறிப்பு.

4. பார்வைத் தூரம் 500 மீட்டர், உயரம் 400 மீட்டர். தடிமன் 2.4.

இரண்டாவதையும் நான்காவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்காவது நிலையில் வண்டி ஓட்டுவது ஓரளவு எளிது, இரண்டாவதில் மிகக் கடினம். செயற்கைக்கோள் படத்திலோ நான்காவதுதான் அழுத்தமாகத் தெரியும். படத்தில் வண்ணம் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு ஆபத்து என்று படிப்பது பெரும்பிழை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. வண்ணத்தின் அழுத்தம் மூடுபனியின் உயரத்தோடு அதிகம் தொடர்புடையது. தரையில் பார்வை எவ்வளவு மோசம் என்பதற்கு அது நேரான அளவு அல்ல.

இடுப்பளவு, ஆளுயரம் மட்டுமே எழும் தரையொட்டிய மூடுபனி இந்தக் கணக்கில் இன்னும் கீழே போய்விடும். வயல்வெளிகளையும் ஆற்றோரச் சாலைகளையும் திடீரென்று மூடும் அந்த வகையைப் புவிநிலைச் செயற்கைக்கோள் பிடிக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது.

மேகத்தின் அடிப்பக்கம் தெரியாது

இனி, கதவைத் திறந்து பார்த்துத் தெளிவாக இருக்கிறதே என்று சொன்னவர். அவர் தலைக்கு மேல் இருப்பது தாழ்ந்த படைமேகம், அதாவது விரிப்பு போலப் பரவிய மேகம். அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து நூற்றைம்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கீழே தெரு தெளிவாக இருக்கிறது. மேலிருந்து பார்த்தாலோ மூடுபனிக்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது: அதே நீர்த்துளிகள், ஏறக்குறைய அதே மேற்புற வெப்பநிலை, அதே கழித்தல் விடை.

இந்த முறை கண்டறிவது தாழ்ந்த நீர்மேகத்தின் மேற்பரப்பை. அடிப்பக்கம் தரையைத் தொடுகிறதா என்பதை அகச்சிவப்புக் கதிரால் சொல்ல முடியாது. என் கருத்தில், இப்படங்களுக்கு 'மூடுபனிப் படம்' என்று பெயர் வைத்ததிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. வல்லுநர்கள் தங்களுக்குள் 'மூடுபனி அல்லது தாழ்மேகம்' என்று சேர்த்தே சொல்கிறார்கள். செய்திக்கு வரும்போது 'தாழ்மேகம்' காணாமல் போகிறது. அந்த ஒரு சொல்லைச் சுருக்கியதால் எத்தனை பேர் படத்தின் மேல் நம்பிக்கை இழந்திருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

அடிப்பக்கம் தெரியாது என்றாலும் ஊகிக்க வழிகள் உண்டு.

முதலாவது, மேகத்தின் மேற்புற வெப்பநிலையையும் தரையில் அளந்த வெப்பநிலையையும் ஒப்பிடுவது. இரண்டும் நெருங்கியிருந்தால் மேகம் தரையை ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். மேற்புறம் பல டிகிரி குளிர்ந்திருந்தால் அது உயரே நிற்கும் மேகமாகலாம். மேற்புற உயரத்திலிருந்து கணித்த தடிமனைக் கழித்து அடிப்பக்கத்தை மதிப்பிடுவதும் இதைச் சேர்ந்ததே.

இரண்டாவது வழி, படங்களை வரிசையாக ஓடவிட்டுப் பார்ப்பது. படைமேகம் காற்றோடு நகரும். கதிர்வீச்சு மூடுபனி பிறந்த இடத்திலேயே கிடந்து மெல்ல விரியும். மலைப்பகுதியாக இருந்தால் இன்னொரு நல்ல அடையாளம் கிடைக்கும்: மூடுபனி பள்ளத்தாக்குகளை நிரப்பி, கிளை பிரியும் மரம் போன்ற வடிவத்தில் தெரியும். அதன் விளிம்பு மலைச்சரிவில் ஒரே உயரக்கோட்டைத் தொட்டபடி போகும். நில உயர வரைபடத்தோடு ஒப்பிட்டால் மூடுபனியின் மேற்புற உயரமே கிடைத்துவிடும். அனுபவமுள்ள கண் இதை நொடியில் பிடித்துவிடும். தானியங்கி முறைகள் இந்த வடிவ உணர்வைப் பெறுவது கடினமாகவே இருந்துவந்திருக்கிறது.

மூன்றாவது, செயற்கைக்கோளை மட்டும் நம்பாமல் கணினி வானிலை மாதிரி தரும் தரையோர ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்வது. மேலே நீர்மேகம் தெரிகிறது, கீழே காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது என்றால் மூடுபனிக்கான நிகழ்தகவு உயரும். மேகம் தெரிந்தாலும் கீழே காற்று உலர்ந்திருந்தால் இறங்கும். அமெரிக்காவில் கோஸ்-ஆர் வரிசைச் செயற்கைக்கோள்களுக்கு உருவாக்கிய முறை இப்படித்தான் நடக்கிறது. அது 'இங்கே மூடுபனி' என்று அடித்துச் சொல்வதில்லை. விமானிகள் கண்ணால் பார்த்து ஓட்ட முடியாத நிலைக்கான வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று சொல்கிறது. இதுவே நேர்மையான வழி என்பேன்.

விமான நிலையங்களில் பார்வைத் தூரத்தை அளக்கும் கருவிகளும், லேசர் ஒளியை மேலே அனுப்பி மேகத்தின் அடியுயரத்தை அளக்கும் கருவிகளும் இருக்கின்றன. கடைசித் தீர்ப்பு அவற்றுக்கே. ஆனால் அவை நிற்கும் புள்ளியை மட்டுமே அறியும். இரண்டு நிலையங்களுக்கு நடுவிலுள்ள நூறு கிலோமீட்டரைப் பற்றிச் சொல்லச் செயற்கைக்கோளை விட்டால் வேறு கண் இல்லை.

வேறு எங்கெல்லாம் ஏமாற்றும்

1. உயரத்து மேகம். தடித்த மேல்மேகம் இருந்தால் கீழே என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது. மெல்லிய கீற்றுமேகம் இருந்தால் 3.9இல் அதன் வழியே கீழிருந்து வரும் வெப்பம் கூடுதலாகத் தெரிந்து, விடையின் குறி தலைகீழாகிவிடும். அடியில் மூடுபனி இருந்தாலும் படம் இல்லை என்று காட்டும்.

2. மணல். பாலைவனங்களில் உள்ள குவார்ட்ஸ் 3.9 அலைநீளத்தில் குறைவாகவே உமிழும். ஆகவே சஹாராவிலும் அரபுத் தீபகற்பத்திலும் தெளிவான இரவிலும் மூடுபனி போன்ற குறிப்பு வரும். நிலத்தின் தன்மையை முன்கூட்டியே அறிந்து திருத்தாவிட்டால் பாலைவனம் முழுவதும் மூடுபனியாகிவிடும்.

3. கடுங்குளிர். ஒரு பொருளின் வெப்பநிலை 27 டிகிரியிலிருந்து பூச்சியத்துக்குக் கீழ் 33 டிகிரிக்கு இறங்கினால், 10.8இல் அதன் கதிர் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். 3.9இலோ இருபதில் ஒரு பங்காகிவிடும். அவ்வளவு சிறிய கதிரை அளக்கும்போது கருவியின் இரைச்சல், அதாவது அளவீட்டில் தாறுமாறாக எழும் சிறு பிழைகள், மேலோங்கி, படம் புள்ளி புள்ளியாகச் சிதறும்.

4. படத்தின் ஓரம். புவி உருண்டை என்பதால் ஓரப் பகுதிகளைச் செயற்கைக்கோள் சாய்வாகப் பார்க்கிறது. கதிர் கடக்கும் காற்றின் நீளம் கூடும். இரண்டாம் தலைமுறை மீட்டியோசாட்டின் 3.9 சேனல் அகலமானது, கார்பன் டை ஆக்சைடு உறிஞ்சும் பகுதியைத் தொடுகிறது. அதனால் ஓரங்களில் அந்தச் சேனல் கூடுதலாகக் குளிர்ந்து காட்டி, இல்லாத மூடுபனியை உண்டாக்கும்.

5. பிக்சலின் அளவு. அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூடுபனி நிறைந்திருக்கலாம். 2 கிலோமீட்டர், 4 கிலோமீட்டர் பிக்சலில் அது சுற்றியுள்ள தெளிவான நிலத்தோடு கலந்து கரைந்துவிடும்.

வண்ணப் படத்தை எப்படிப் படிப்பது

இப்போது அதிகம் புழங்குவது மூன்று அளவுகளைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று கலந்து செய்யும் 'இரவு நுண்ணியற்பியல்' படம். மீட்டியோசாட் படங்களுக்காக ஐரோப்பாவில் வகுக்கப்பட்டு, பிறகு எங்கும் பரவியது. சிவப்புக்கு 12.0இலிருந்து 10.8ஐக் கழித்த விடை. அது மேகம் தடித்ததா மெலிந்ததா என்று சொல்லும். பச்சைக்கு நாம் இதுவரை பார்த்த 10.8, 3.9 வேறுபாடு. நீலத்துக்கு 10.8இன் வெப்பநிலை, சூடாக இருந்தால் நீலம் கூடும்.

வெப்பமான பகுதிகளில் மூடுபனியும் தாழ்மேகமும் நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறத்தில் தெரியும். குளிர்ந்த பகுதிகளில் நீலம் குறைந்து மஞ்சள் கலந்த பச்சையாகும். ஒரே மூடுபனி இரு நாடுகளில் இரு வண்ணமாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். தடித்த மேல்மேகம் அடர் சிவப்பை நோக்கிப் போகும். அந்தச் சிவப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று படத்தைக் கேட்டுப் பயனில்லை.

நிலவொளியில் ஒரு பார்வை

2011இல் ஏவப்பட்ட சுவோமி என்பிபி செயற்கைக்கோளிலும் அதைத் தொடர்ந்து வந்தவற்றிலும் உள்ள விர்ஸ் கருவிக்கு, மிக மங்கலான ஒளியையும் உணரும் பகல்-இரவுச் சேனல் இருக்கிறது. முழுநிலவை ஒட்டிய இரவுகளில் நிலவொளி பட்டு மூடுபனி பகல்படம் போலவே வெண்மையாகத் தெரியும். நுணுக்கம் 750 மீட்டர் அளவில். நகர விளக்குகளும் ஒரு சான்றாகின்றன: தெளிவான இரவில் கூர்மையாகத் தெரியும் விளக்குகள் மூடுபனியோ தாழ்மேகமோ மூடினால் கலங்கி விரிந்து தெரியும். மெல்லிய கீற்றுமேகத்துக்கு அடியில் இருப்பதைக்கூட இதில் சில நேரம் காணலாம். குறை என்னவென்றால், துருவச் சுற்றுப்பாதை என்பதால் நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியை ஒட்டித்தான் தலைக்கு மேல் வரும். மூடுபனி அடர்வது பெரும்பாலும் அதற்குப் பிறகு, விடியலை நெருங்கும்போது.

விடியலில் குருடாகும் கணக்கு

3.9 மைக்ரோமீட்டரில் புவி உமிழும் வெப்பக் கதிர் மட்டுமின்றிச் சூரிய ஒளியிலும் ஒரு பங்கு உண்டு. நீர்த்துளிகள் இந்தக் கதிரை உறிஞ்சாமல் சிதறடிக்கும் என்று பார்த்தோம். அதே குணத்தால், சூரியன் எழுந்ததும் அவை அதை மேல்நோக்கித் திருப்பி அனுப்பும். இரவில் 3.9இல் குளிர்ந்து காட்டிய மூடுபனி பகலில் சூடாகக் காட்டும். மிகையாக இருந்த விடை குறைந்துகொண்டே வந்து, பூச்சியத்தைத் தொட்டு, மறுபக்கம் போய்விடும்.

அந்த நடுக்கட்டத்தில், சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும் நேரத்தில், மூடுபனி அப்படியே இருக்கப் படத்தில் மட்டும் அது கரைவது போலத் தோன்றும். படங்களை ஓடவிட்டுப் பார்த்தால் கிழக்கிலிருந்து மேற்காக மூடுபனி அழிந்துகொண்டே போவது போன்ற காட்சி கிடைக்கும். நகர்வது பகல்-இரவு எல்லைக்கோடு. தரையில் அந்த நேரத்தில்தான் மூடுபனி பெரும்பாலும் உச்சத்தில் இருக்கிறது, சாலையிலும் ஓடுபாதையிலும் நெரிசல் கூடுகிறது. மிகவும் தேவைப்படும் வேளையில் இந்த முறை கைவிடுகிறது என்பதை அறியாமல், 'விலகத் தொடங்கிவிட்டது' என்று படத்தை வைத்து அறிவிப்பது ஆபத்து. அந்த இடைவெளியைக் கடைசி இரவுப் படத்தையும் தரைநிலைய அளவுகளையும் கொண்டே நிரப்ப வேண்டும்.

வெயில் சற்று ஏறியதும் கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளக்கும் சேனல் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. அப்போது மூடுபனி ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் கரைவதைக் காணலாம். ஓரத்தில் அது மெலிந்திருக்கும், சுற்றியுள்ள தெளிவான நிலம் முதலில் சூடாகி அந்த ஓரத்தைக் கலைத்துவிடும். இரவில் கழித்தல் விடை மங்கலாக இருந்த பகுதிகள் முதலில் விலகும். அழுத்தமாக இருந்த நடுப்பகுதி நண்பகல் வரை கிடக்கலாம். இரவுப் படத்தின் வண்ண அழுத்தத்தை மூடுபனி விலக எடுக்கும் நேரத்துக்கான குறிப்பாகப் படிப்பவர்கள் அதைச் சரியாகவே பயன்படுத்துகிறார்கள்.